நனைந்திருந்த வேர்கள்

ஜான்ரோஸ் அன்று காலை அந்தச் செடிக்கு இன்னும் தண்ணீர் விட்டிருக்கவில்லை. ஆனாலும் அதன் வேர்கள் நனைந்திருந்தன.

வடசேரி வீட்டின் பின்தாழ்வாரத்தில், வெயிலைப் பொட்டுப் பொட்டாக மட்டும் உள்ளே விடுவதற்காக அவனே முடைந்து கட்டிய தென்னங்கீற்றுத் தட்டிகளுக்கு நடுவே, பதினேழு ஆர்க்கிட் செடிகள் கம்பியில் தொங்கின. மண்ணை அறியாமல், மரக்கிளையில் ஒட்டி, காற்றில் வேர்விட்டு வாழும் அந்தச் செடிகளுக்கு ஊரில் மரவாழை என்று பெயர். அவற்றின் வேர் காய்ந்தால் சுண்ணாம்பு போல வெளுக்கும்; நீர் பட்டால் கண்ணெதிரே பச்சையாகும். விடிந்ததும் ஒரு தடவை, வேர் முழுக்கப் பச்சையாகும் வரை ஊற்றுவான். சாயங்காலம் ஒருபோதும் ஊற்றமாட்டான். இன்று பதினாறு செடிகள் வெளுத்துக் காத்திருக்க, கடைசியில் தொங்கிய பதினேழாவது மட்டும் பச்சைப் பசேலென்று, ஒவ்வொரு வேர் நுனியிலும் ஒரு துளி கோத்துக்கொண்டு, கீழே செங்கல் தரையில் ஒரு கை அகலத்துக்கு ஈரத்தை ஊறவிட்டிருந்தது.

ராத்திரி மழை இல்லை. தட்டி காய்ந்திருந்தது. கிணற்றடியில் வாளி கவிழ்த்து வைத்தபடியே கிடந்தது.

"ராகேல், இதுக்கு நீ வெள்ளம் ஊத்தினியாட்டி?"

அடுக்களையிலிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்தாள். "நான் அதுகளத் தொடுவனா? தொட்டா நீங்க சும்மா இருப்பியளா?"

அவன் ஒரு வேரைத் தொட்டு விரலை முகர்ந்தான். கிணற்றுத் தண்ணீரின் வாசனை இல்லை. மட்கிய இலையும் ஊறிய மரப்பட்டையும் கலந்த வாசனை, வெயிலே படாத ஓடைக்கரையில் மூக்கில் ஏறுமே, அது. அவனுக்கு அந்த ஓடையைத் தெரியும். விரலை வேட்டியில் துடைத்தான். பிறகு மறுபடியும் துடைத்தான்.

செடி வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு நாளாகியிருந்தது. 1933 ஜூன் மாதம், பள்ளிக்கூடத்து விடுமுறை முடிய மூன்று நாள் இருக்கும்போது, கீரிப்பாறைக்கு மேலே காட்டு ஓடைக்கரையில் ஒரு பெரிய மரத்தின் கவட்டையில் ஊதா படர்ந்த வெள்ளைப் பூவோடு ஒரு மரவாழை பூத்திருக்கிறது என்று பொன்னுலிங்கம்தான் வந்து சொன்னான். தடிக்காரன்கோணத்துக்காரன். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன், மரமேறுவதில் கெட்டிக்காரன். ஜான்ரோஸ் சித்திர வாத்தியார். தான் இதுவரை வரையாத பூ ஒன்று இருக்கிறது என்று கேட்டால் அவனால் வீட்டில் இருக்க முடியாது. அந்த மரம் வழுக்கும், சாரல் தொடங்கிவிட்டது, ஒரு வாரம் கழித்து ஏறலாம் என்று பொன்னுலிங்கம் சொன்னான். ஒரு வாரத்தில் பூ உதிர்ந்துவிடும் என்று இவன் சொன்னான்.

செடி முதலில் விழுந்தது. பிறகு பொன்னுலிங்கம் விழுந்தான்.

பொன்னுலிங்கத்துக்கு நினைவு தப்பவில்லை. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை என்று, ஏதோ தன் தவறுபோல, தாழ்ந்த குரலில் சொன்னான். ஜான்ரோஸ் அவனை மரத்தடியில் நிமிர்த்திச் சாய்த்துவிட்டு, ஆள் கூட்டி வருவதாகச் சொல்லி இறங்கினான். செடியைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டான். அதை ஏன் எடுத்தோம் என்று பிறகு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுப் பார்த்துவிட்டான். பின்னாலிருந்து பொன்னுலிங்கம் கேட்டது ஒன்றே ஒன்று.

"இருட்டுக்கு முன்ன வந்திருவியளா சாரே?"

"வந்திருவேன்."

ரப்பர்த் தோட்டத்து வாசலில் காவல்காரன் சாக்கைப் பார்த்து என்ன என்று கேட்டான். அனுமதியில்லாமல் சர்க்கார் காட்டில் ஒரு கிளையை ஒடித்தாலும் கேஸ் உண்டு. கேஸ் வந்தால் வேலை போகும். "மரச்சீனிக் கிழங்கு," என்றான் ஜான்ரோஸ். அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன பிறகு, மேலே காட்டில் ஒருவன் கிடக்கிறான் என்ற அடுத்த வார்த்தை அவன் வாயில் வரவில்லை. சிறிது தூரம் போய்ச் சொல்லலாம் என்று நடந்தான். விறகுக்குப் போகிறவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று நினைத்தான். பூதப்பாண்டியில் பஸ் நின்றது. ஏறினான். அன்று சாயங்காலம் தொடங்கிய மழை மூன்று நாள் விடவில்லை.

எட்டாம் நாள் பொன்னுலிங்கத்தின் மனைவி முத்துக்கனி சின்ன மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். "அவிய ஒங்க கூடத்தான போனாவ?" என்று கேட்டாள். பாதி வழியில் பிரிந்துவிட்டோம், அவன் தேன் எடுக்கப் போவதாகச் சொன்னான் என்று ஜான்ரோஸ் சொன்னான். அவள் கண்ணைப் பார்த்து அவன் சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டு போனாள். அந்த முதுகை அவனால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

பதினேழாவது செடியின் வேர்கள் மறுநாள் காலையிலும் நனைந்திருந்தன. அதற்கு மறுநாளும். அவன் அந்தச் செடிக்கு ஊற்றுவதை நிறுத்தினான். மற்றவற்றிலிருந்து பிரித்து, தாழ்வாரத்தின் வறண்ட மூலையில், காற்று நன்றாக வீசும் இடத்தில் மாட்டினான். அதன் வேரிலிருந்து நீர் சொட்டியது. பட். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பட். வகுப்பில் கரும்பலகையில் மாம்பழம் வரைந்துகொண்டிருக்கும்போதும் அந்தச் சொட்டு அவன் காதில் விழுந்தது.

செடியென்றால் வெளிச்சத்தின் பக்கம் சாயும். இது கிழக்கே தட்டி வழியாக வரும் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுக்குள் சாய்ந்தது. அவன் உட்கார்ந்து படம் வரையும் நாற்காலியின் பக்கம். திருப்பி மாட்டினான். பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தபோது திரும்பியிருந்தது. நாற்காலியை எதிர்மூலைக்கு மாற்றினான். காலையில் எதிர்மூலையைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

வேர் நனையத் தொடங்கிய ஐந்தாம் நாள் மதியம் சோறு போட்டுக்கொண்டே ராகேல் கேட்டாள். "நீங்க செடிகிட்டப் பேசுவியளா?"

"இல்லியே. ஏன்?"

"தாழ்வாரத்துல ஆம்பளச் சத்தம் கேட்டுது. நீங்கதான்னு நினைச்சேன். வந்து பாத்தா யாரையும் காணல்ல."

"என்ன சொல்லிச்சு?"

அவள் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். "இருட்டிட்டான்னு கேட்ட மாதிரி இருந்துது. நட்டுச்சை வெயிலுல யாரு அப்பிடிக் கேப்பா?"

ராகேலிடம் சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தான். அவள் முகம் எப்போதும்போல இருந்தது. சொன்ன பிறகு அது அப்படி இருக்காது. குனிந்துகொண்டான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ராகேல் கோவிலுக்குப் போன பிறகு செடியைக் கம்பியிலிருந்து கழற்றி, முற்றத்தில் துவைகல்லின் மேல் நிழலே இல்லாத இடத்தில் வைத்தான். மரவாழையைக் கொல்ல வேறொன்றும் வேண்டாம். மறைப்பில்லாத வெயில் போதும். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தான். பத்து மணி. பதினொன்று. ஓட்டுக்கூரை சூடேறி முறுகும் சத்தம். பக்கத்து வீட்டுக் கோழி. பிறகு கோழியும் அடங்கியது.

பிறகு முனகல்.

வலி வந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகும் முனகல். முற்றத்திலிருந்து. நின்றது. மறுபடியும்.

ஜான்ரோஸ் காதைப் பொத்தினான். விரல்களுக்கு நடுவே கேட்டது. ஒருவனை விட்டுவிட்டு வந்தாயிற்று. இன்னொரு தடவையா? கதவைத் திறந்துகொண்டு ஓடினான். இலைகளில் வெயில் பட்ட இடமெல்லாம் கொப்பளம் கட்டியிருந்தது. செடியை நெஞ்சோடு சேர்த்து அள்ளினான். அது சூடாக இருந்தது. காய்ச்சல் கண்ட உடம்பின் சூடு.

நிழலில் மாட்டினான். இலைக் குருத்தில் தேங்கிய நீரைத் துணி நுனியால் ஒற்றி எடுத்தான். வேர்களில் ஒன்று அவன் மணிக்கட்டைத் தடவியபடி இருந்தது. அவன் கையை எடுக்கவில்லை. எடுக்க அவனுக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

அதன் பிறகு நான்கு நாள் கழித்து, வியாழக்கிழமை, கோட்டாற்றுச் சந்தைக்கு வந்த முத்துக்கனி நேராக வீட்டு வாசலுக்கு வந்தாள். தெரிந்துவிட்டது என்று ஜான்ரோஸ் நினைத்தான். பயத்தைவிட ஒரு விதமான ஆறுதல்தான் முதலில் வந்தது. போலீசைக் கூட்டி வந்திருக்கிறாளா என்று தெருவைப் பார்த்தான். யாரும் இல்லை. அவள் தலையில் சந்தைச் சாமான் பொட்டலம் ஒன்றைச் சுமந்திருந்தாள்; தூக்கமில்லாத கண்ணில் ஒரு சிறு மலர்ச்சி இருந்தது.

"அவிய வந்தாச்சு சாரே."

"யாரு?"

"அவியதான். இன்னையோட பத்து நாளாச்சு. விடியக்காலம் கதவத் தொறந்தா சுவத்துல சாஞ்சு நிக்காவ. யாரு கொண்டு விட்டாவன்னு தெரியல்ல. ஒண்ணும் திங்க மாட்டாவ. வெயிலு பட்டாத் தாங்கல்ல. வெள்ளம் மட்டும்தான். அதுவும் குடிக்க மாட்டாவ, மேல ஊத்தச் சொல்லுதாவ. ஊத்தலன்னா முனகுதாவ. சாரு கிட்டப் போயிக் கேளு, சாருக்குத் தெரியும்னு சொன்னாவ."

உயிரோடு இருக்கிறான். அந்த ஒரு நினைப்பில் ஜான்ரோஸின் உடம்பு முழுக்க இளகிவிட்டது. யாரோ எடுத்து வந்துவிட்டார்கள். நான் கொல்லவில்லை. வேறு எதுவும் அவன் காதில் ஏறவில்லை.

"எத்தனை நேரம் ஊத்தணும் சாரே?"

"காலையில ஒரு நேரம்," என்றான், வாய் தானாகவே சொல்லியது. "சாயங்காலம் ஊத்தாத. காத்து வேணும். நேர் வெயிலு கூடாது, கீத்துத் தட்டி வழியா வாற வெளிச்சம் போதும். குழிவான எடத்துல வெள்ளம் கெட்டி நிக்க விடாத. நின்னா அங்கதான் முதல்ல அழுகும்."

முத்துக்கனி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். "சரிதான். கழுத்துக் குழியில கெட்டி நிக்குது. அதான் அந்த எடம் கறுத்துப் போச்சு."

பத்து நாள். வேர் முதலில் நனைந்திருந்த காலையிலிருந்து ஜான்ரோஸ் எண்ணிப் பார்த்தான். பத்து நாள்.

"நீங்க ஒரு நட வந்து பாக்கணும் சாரே."

சனிக்கிழமை காலை, செடியை அதே சாக்கில் கட்டிக்கொண்டு புறப்பட்டான். போய்ப் பொன்னுலிங்கத்தின் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். முத்துக்கனியின் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். வழியெல்லாம் அதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். சாக்கின் அடியிலிருந்து நீர் அவன் முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது.

தடிக்காரன்கோணத்தில் ஓடைக்கரையோரம் மண்சுவர் வீடு. முத்துக்கனி அவனைப் பின்பக்கச் சாய்ப்புக் கொட்டகைக்கு அழைத்துப் போனாள். புதிதாக முடைந்த கீற்றுத் தட்டிகள் மூன்று பக்கமும் கட்டியிருந்தன. உள்ளே பச்சை நிறத்தில் மங்கலான வெளிச்சம். ஈரம். அந்த வாசனை. ஜான்ரோஸுக்குக் கண் பழகச் சிறிது நேரம் ஆயிற்று.

பொன்னுலிங்கம் சுவரோடு நின்றான்.

நிற்கவில்லை. கால்கள் தொங்கின. கயிறு இல்லை. ஆணி இல்லை. முதுகிலிருந்தும் தோளிலிருந்தும் தடித்த வெள்ளை இழைகள் பிரிந்து, சுவரெங்கும் படர்ந்து, மண்ணை இறுகப் பற்றி அவனைத் தாங்கியிருந்தன. முகம் மட்டும் அவன் முகம். நெற்றியில் கொப்பளங்கள். கண் திறந்திருந்தது.

"நான்தான்," என்றான் ஜான்ரோஸ். சாக்கைத் தோளிலிருந்து இறக்கி வைத்தான். "நான்தான் விட்டுட்டு வந்தேன். கூப்பிடல்ல. யாருகிட்டயும் சொல்லல்ல."

பொன்னுலிங்கம் அவனைப் பார்த்தான். கோபம் எதுவும் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

முத்துக்கனி அதைக் கேட்டாளா என்றுகூடத் தெரியவில்லை. பானையிலிருந்து தேங்காய்ச் சிரட்டையில் நீர் மொண்டு பொன்னுலிங்கத்தைத் தாண்டி, அவன் கையோரம் இருண்டிருந்த இடத்துக்குப் போனாள். அங்கே குனிந்து, யாரையோ கொஞ்சுகிற குரலில் பேசினாள்.

"மக்கா, சாரு வந்திருக்காவ பாரு." பிறகு திரும்பி, அவனிடம்: "அப்பன விட்டு வரவே மாட்டேன்னு கையப் பிடிச்சிட்டு நின்னா சாரே. ஆறு நாளா இவளும் கஞ்சி குடிக்கல்ல. சின்னப் பிள்ளையில்லா, இவளுக்கு எவ்வளவு ஊத்தணும்?"

நாலு வயது இருக்கும். தகப்பனின் விரலை ஒரு கையால் பிடித்தபடி, சுவரில் முதுகு ஒட்டி, கண்ணை மூடி முகத்தை நீருக்காக மேலே தூக்கியிருந்தது. பாவாடைக்குக் கீழே இரண்டு பாதங்களும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், எதையும் தேடாமல், மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.