குறுக்கீடு இல்லாத அறை

குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றிருந்தது. வாரக்கணக்கில் எரிச்சலூட்டிய சத்தம். அது இல்லை என்பது அவளுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது.

சாயங்கால வெயில் மேசை மேல் சாய்ந்து கிடந்தது. சோதனைக் கணினியின் விசிறிக் காற்றில் சூடான தூசி வாசனை அடித்தது. அவளுடைய வேலை கெர்னலில், கணினியை இயக்கும் மென்பொருளின் உட்கருவில். கணினி எந்த வேலையில் மூழ்கியிருந்தாலும், கெர்னலின் டைமர் நொடிக்குப் பல நூறு முறை அதைத் தட்டி நிறுத்தி, போதுமா, அடுத்தவனுக்கு வழி விடுகிறாயா என்று கேட்கும். அந்தத் தட்டல்களைக் குறைக்கத்தான் அவளுக்குச் சம்பளம். கணினியின் மூளைக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கூறுகள், கோர்கள்; அவற்றில் ஒன்றை மட்டும் காவலுக்கு விட்டுவிட வேண்டும். நேரத்தை நகர்த்துவது அதுதான். மற்ற கோர்களில் டைமரை அடக்கிவிடலாம்.

பக்கத்து அறையில் அக்கா. நிறைமாதம். மாமா வெளியூரில். காலையிலிருந்து அக்கா சுவரைத் தட்டியபடியே இருந்தாள். தண்ணீருக்கு, தலையணைக்கு, சும்மா.

"அக்கா, மொதல்ல உன் டைமரத்தான் நிறுத்தணும்."

"நிறுத்துடி, பாக்கலாம். வலி வந்தா தட்டுவேன், ஓடி வரணும். ஹெட்போன மாட்டிட்டு உக்காந்தே, பிள்ளைக்கு உன் பேர வைக்க மாட்டேன்."

"வைக்காதே. அதுவாவது தப்பிக்கட்டும்."

அக்காவின் சிரிப்பு சுவர் வழியே கேட்டது. அதன் பிறகுதான் அவள் சோதனையை ஓடவிட்டாள். அதன் பிறகு ஒரு தட்டல்கூட வரவில்லை. தூங்கியிருப்பாள்.

திரையில் குறுக்கீடுகள்: பூஜ்யம். எல்லா வரிசையிலும். காவல் கோரிலும்.

அவள் கட்டளையைத் திரும்பப் படித்தாள். கோர்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுவார்கள், பூஜ்யம்தான் காவல். ஒன்றிலிருந்து என்று எழுத வேண்டிய இடத்தில், கைப்பழக்கத்தில் பூஜ்யத்திலிருந்து என்று எழுதியிருந்தாள். அப்படி எழுதினால் கெர்னல் மறுக்கும். மறுக்கும் அந்த வரியை, சோதனைக்கு இடைஞ்சல் என்று, நேற்று அவளே எடுத்திருந்தாள்.

நிறுத்தும் விசையை அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை.

மின்கம்பியைப் பிடுங்கினாள். விசிறி இரைந்துகொண்டே இருந்தது. ஒரே சுரத்தில்.

அப்போதுதான் வெயிலைப் பார்த்தாள். மேசையின் கீறலைத் தொட்டபடி வெளிச்சத்தின் விளிம்பு. சோதனை தொடங்கியபோதும் அங்கேதான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு புறா. விரித்த இறக்கையோடு. விழாமல்.

"அக்கா?"

கூடம். குளியலறைக் கதவு திறந்திருந்தது. குழாயின் வாயில் ஒரு சொட்டு, நீண்டு, அறுபடாமல்.

அக்காவின் அறை.

அக்கா கட்டிலில் பாதி எழுந்திருந்தாள். விரிப்பு நனைந்திருந்தது. வாய் முழுதாகத் திறந்திருந்தது. சத்தமில்லை. மடக்கிய கை சுவரை நோக்கி நீண்டிருந்தது. சுவருக்கும் கைமுட்டிக்கும் நடுவே ஒரு விரற்கடை.

தோளைப் பிடித்து உலுக்கினாள். அசையவில்லை. சூடாக இருந்தது. வயிற்றில் கை வைத்தாள். உள்ளிருந்து ஒரு சின்னக் குதிகால் புடைத்து நின்றது. உள்வாங்கவில்லை.

அக்காவின் கையைச் சுவரோடு சேர்த்துத் தள்ளினாள். நகரவில்லை. தன் கையால் சுவரைக் குத்தினாள். மறுபடி. மறுபடி. ஒலி எழவே இல்லை.

பக்கத்து அறையில் விசிறி இரைந்தது.

அக்காவின் கண்கள் மட்டும், மெல்ல, அவள் பக்கம் திரும்பின.