நாலு கல் மட்டும் வேறு பச்சை

செல்போன் அலறியது!

சிட்டு பிரஷ்களை டர்பன்டைனில் அலசிக்கொண்டிருந்தாள். ஈரக் கையைப் பழைய துணியில் துடைத்துவிட்டு எடுத்தாள்.

திரையில் அண்ணன் நம்பர்.

"அண்ணா, சோறு ஆறி அவலாப் போச்சு. எங்க தொலைஞ்ச?"

மறுமுனையில் மூச்சு மட்டும்.

பிறகு... கிசுகிசுப்பாய் ஒரு குரல்.

"அந்த நாலு கல்லு... உனக்கு யார் சொன்னா?"

அண்ணன் இல்லை! ஆணா பெண்ணா என்றே தெரியாத கிசுகிசுப்பு.

"ஹலோ... யாருங்க? இது எங்க அண்ணன் போனாச்சே..."

"நாற்காலிக்குக் கீழ நாலு கல்லு மட்டும் வேற பச்சை. நாற்காலியில ஒரு ஆளு. தலை ஒரு பக்கமா சாஞ்சு கிடக்கு. பக்கத்துல நின்னு பாத்த மாதிரி வரைஞ்சிருக்கியே... யார் சொன்னா?"

"அது கண்காட்சியில இருக்கற என் படம். யாரும் சொல்லலீங்க. நானாதான் கற்பனையா..."

"பொய்!"

மறுமுனையில் ஏதோ உருண்டது. கூடவே, வாயை அடைத்த மாதிரி ஒரு முனகல்.

பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய தொண்டை. அது முனகினாலும் அவளுக்குத் தெரியாதா?

"அண்ணா!!"

"வெளிச்சம் மறையறதுக்குள்ள எனக்குப் பேர் வேணும். உனக்குச் சொன்னது யாருன்னு. இல்லேன்னா... ஒரு தடவை தரையைப் பேத்தவங்களுக்கு ரெண்டாவது தடவை பேக்கறது ஒண்ணும் பெரிய வேலை இல்லை."

டொக்!

சிட்டு சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சிட்டு என்பது அண்ணன் வைத்த பெயர். அவள் படம் வரைவாள். அவன் படங்களுக்கு ஃப்ரேம் போடுவான். அப்பா அம்மா போன பிறகு ஒரே வீடு, ஒரே சமையல், தினமும் ஒரே சண்டை. காலையில் யாரோ போனில் கூப்பிட்டார்கள். "பெரிய இடம் சிட்டு! வீட்டுக்கே வந்து அளவெடுக்கணுமாம்!" என்று இன்ச் டேப்பைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு பறந்தான்.

எந்த இடம் என்று அவனும் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம்!

அவளுக்கு எதிரே சுவரில் ஒரு பிரிண்ட் தொங்கியது. 'காலி நாற்காலி.' பெரியவர் என்று எல்லோரும் மரியாதையாகச் சொல்லும் ஓவியர் வரைந்தது. பல் டாக்டர் வீட்டு வரவேற்பறை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்ட படம். ஓர் அறை. ஜன்னல். பச்சைக்கல் தரை. நடுவில் யாரும் உட்காராத பிரம்பு நாற்காலி. அவ்வளவுதான். ஆனால் பார்த்தால் நெஞ்சைப் பிசையும்.

வருஷக்கணக்காய் அதைப் பார்த்துப் பார்த்து, போன மாதம் அவள் தன் படத்தை வரைந்தாள். அதே அறை... ஆனால் ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கும் கோணம். நாற்காலியில் ஒரு வயதான மனிதர், தலை சாய்ந்து தூங்குகிறார். காலடியில் நாலு கல் மட்டும் கொஞ்சம் நீலம் கலந்த பச்சை.

ஏன் நீலம் கலந்தாள்?

தெரியாது. கை போனது. விட்டுவிட்டாள்.

இன்று காலைப் பேப்பரில் அந்தப் படம் கலரில் வந்திருந்தது. அண்ணன் அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டுத்தான் டீ குடித்தான்.

* * *

"திரும்பச் சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர். பேனா மூடியைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

மூச்சு வாங்கத் திரும்பச் சொன்னாள்.

"சரி. யார் சொன்னா?"

"சார்!"

"இல்லம்மா, நானும் அதையேதான் கேக்கறேன். எங்கயோ ஒரு ரூம்ல தரைக்கு அடியில ஏதோ இருக்கு. அது உங்களுக்குத் தெரியாது. ஆனா கரெக்டா வரைஞ்சிட்டீங்க. நான் நம்பணும்."

"கடத்தினவனும் நம்பலை, நீங்களும் நம்பலை. நான் எங்க சார் போவேன்?"

அழக்கூடாது என்று வந்தவள் அழுதாள்.

இன்ஸ்பெக்டர் தண்ணீர் கிளாஸைத் தள்ளிவைத்தார்.

"சந்தேகம்னு யாரையாவது சொல்லுங்க."

"அந்த ரூம் நிஜ ரூம் சார். பெரியவரோட சொந்த ரூம். அந்தத் தரையைப் பத்தித் தெரிஞ்சவர் அவர் ஒருத்தர்தான்."

பேனா மூடி கீழே விழுந்தது.

"பெரியவரா? அவர் உடம்பு முடியாம பதினஞ்சு வருஷமா வெளியவே வர்றதில்லை. யாரையும் பாக்கறதும் இல்லை. எதுவா இருந்தாலும் அவரு சம்சாரம்தான். அவங்க வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு பொண்ணு கற்பனை பண்ணுச்சு, தரையைத் தோண்டிப் பாக்கறோம்னு சொல்லச் சொல்றீங்களா? என் தொப்பி போயிடும்மா!"

"அண்ணன் போயிடுவான் சார்!"

"போன் சிக்னலைப் பாக்கச் சொல்றேன். அது வர்ற வரைக்கும் இப்படி உக்காருங்க."

தலையாட்டினாள். அவர் பக்கத்து அறைக்குள் நுழைந்த அடுத்த நொடி, நாற்காலி காலி!

* * *

பெரியவர் வீட்டு மணியை அழுத்தியபோது வெயில் மஞ்சளாகச் சரியத் தொடங்கியிருந்தது.

கதவைத் திறந்தது அவருடைய மனைவி. அறுபது வயது. கசங்காத வெள்ளைப் புடவை. அழுது வீங்கிய கண்கள்.

"வந்துட்டியாம்மா! நீ வரமாட்டியான்னு துடிச்சிட்டிருக்கேன்." கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டாள். "சத்தம் போடாதே. அவருக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. காலையில பேப்பர்ல உன் படத்தைப் பாத்ததுலேருந்து வெறி பிடிச்ச மாதிரி இருக்காரு. ஃப்ரேம் போடற தம்பியை வரவழைச்சு, என் கையாலயே காபியில மாத்திரை கலக்க வச்சு..."

"அண்ணன் உயிரோட இருக்கானா?"

"இருக்கான். உள்ளதான்." கூடத்தின் கோடியில் சாத்தியிருந்த கதவைக் காட்டினாள். "அவர் பக்கத்துலயே உக்காந்திருக்காரு. கையில கத்தி. போலீஸ் வந்தா முடிச்சிடுவேங்கறாரு. அந்தப் பேரை மட்டும் சொல்லிடும்மா."

"சத்தியமா யாரும் சொல்லலைம்மா! வேணும்னா அவர் கால்ல விழறேன்."

"இரு. கேட்டுட்டு வரேன்."

சாவி போட்டுத் திறந்து, உள்ளே நுழைந்து, மறுபடி சாத்திக்கொண்டாள். உள்ளிருந்து கட்டையாய் ஓர் இருமல். முணுமுணுப்பு. கெஞ்சல். மறுபடி முணுமுணுப்பு.

வெளியே வந்தாள். பூட்டினாள்.

"நம்பமாட்டேங்கறாரு."

"ஒரு நிமிஷம்... கதவுக்கு இந்தப் பக்கம் நின்னாவது பேசறேனே?"

"கூடாது!"

சிட்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு பொய்ப் பெயரைச் சொல்லலாமா? யார் பெயரை? சொன்னால் அந்த ஆளுக்கும் இதே கதிதானே!

ஜன்னலில் மஞ்சள் சிவப்பாகிக்கொண்டிருந்தது.

தலையைத் தூக்கினாள். எதிர்ச்சுவரில்... அது.

'காலி நாற்காலி.' பிரிண்ட் இல்லை. அசல்! கைக்கு எட்டும் தூரத்தில்.

அந்த நிலைமையிலும் அவள் கண், கண் செய்கிற வேலையைச் செய்தது. ஜன்னல்... பிரம்பு... நிழல்... தரை...

"அம்மா!!" துள்ளி எழுந்தாள். "யார் சொன்னான்னு கண்டுபிடிச்சிட்டேன்!"

"யாரு?"

"இந்தப் படம்தான்! இதோ பாருங்க. நாற்காலிக்குக் கீழ நாலு கல்லு. மத்ததெல்லாம் இலைப்பச்சை. இது நாலும் நீலம் கலந்த பச்சை! எங்க வீட்டுப் பிரிண்ட்ல லேசாத்தான் தெரியும். ஆனா தினம் பாத்து மனசுல பதிஞ்சிருக்கு. அதான் என் கை தானாப் போயிருக்கு. நாற்காலி காலியா இருக்கேன்னு நானாத்தான் ஒரு தாத்தாவைத் தூங்க வச்சேன். அவர் கண்ணுல பட்டதை அவரே வரைஞ்சிருக்காரு! போய்ச் சொல்லுங்கம்மா... அவரையே கேட்டுக்கச் சொல்லுங்க!"

பெரியவரின் மனைவி படத்தை நெருங்கினாள்.

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்திலிருந்த ரத்தம் எல்லாம் எங்கேயோ இறங்கிப் போனது.

"இல்லையே..." என்றாள் தனக்குள். "நான் ஒரே பச்சைதானே கலந்தேன்..."



"நீங்க..." சிட்டு அவள் பக்கம் திரும்பினாள். "நீங்க கலந்தீங்களா?"

அந்த அம்மாள் மெதுவாய்த் திரும்பினாள். கண்களில் இப்போது ஈரம் இல்லை. இடுப்பில் செருகியிருந்த கான்வாஸ் அறுக்கும் கத்தி கைக்கு வந்திருந்தது.

"நல்ல கண்ணு உனக்கு. அதான் கஷ்டமா இருக்கு."

பாய்ந்தாள்!

சிட்டு பின்வாங்கினாள். முதுகில் சுவர். போக இடம் இல்லை. கைக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான். பிடித்து இழுத்தாள். ஆணியோடு பெயர்ந்து வந்தது. நெஞ்சுக்கு முன்னால் கேடயமாய்ப் பிடித்தாள்.

'காலி நாற்காலி!'

கத்தி அந்தரத்தில் நின்றது. கான்வாஸுக்கும் அதற்கும் ஒரு விரல் இடைவெளி.

"கீழ வை!" அந்த அம்மாளின் குரல் உடைந்தது. "படத்துல கை வைக்காதே!"

ஓ... அப்படியா?

சிட்டு ஃப்ரேமிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஆணியை உருவினாள். அதன் முனையைப் படத்தின் நடுவில், பிரம்பு நாற்காலியின் மேல் வைத்தாள்.  வருஷக்கணக்காய் அவள் கும்பிடாத குறையாய்ப் பார்த்த படம்!

"சாவியைப் போடுங்க. இல்லேன்னா கிழிச்சிடுவேன்."

"நீ கிழிக்கமாட்டே. உனக்கு அது எவ்வளவு பிடிக்கும்னு உன் படத்தைப் பாத்தாலே தெரியுது."

"ரொம்பப் பிடிக்கும்மா. உயிர். ஆனா உள்ள இருக்கறது எங்க அண்ணன்!"

'கிர்ர்க்!' பெயிண்ட் ஓர் அங்குலம் பெயர்ந்தது.

"ஐயோ!!"

கத்தி விழுந்தது. சாவிக்கொத்து விழுந்தது. அதன் பக்கத்திலேயே அந்த அம்மாளும் விழுந்தாள்.

"வேண்டாம்மா... வேண்டாம்... என்னுதுன்னு இருக்கறது அது ஒண்ணுதான்..."

சிட்டு கத்தியைத் தூர உதைத்தாள். படத்தை அணைத்தபடியே ஓடினாள். பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினாள். உள்ளே ஒரு கிழவர் கத்தியோடு இருப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு...

கிழவர் இல்லை!

அந்த இருமலும் முணுமுணுப்பும் அந்த அம்மாளுடையதேதான்!

ஜன்னல். பச்சைக்கல் தரை. பிரம்பு நாற்காலி. அதில் கயிற்றால் கட்டி, வாயில் துணி அடைத்து... அண்ணன்! அவன் காலடியில் நாலு கல், வேறு பச்சையில். ஓரத்தில் ஒரு கடப்பாரை தயாராய்ச் சாய்ந்திருந்தது.

வாசல் கதவு படாரென்று உடைந்தது.

"சிக்னல் இந்தத் தெருவுலதான் காட்டுது!" என்று மூச்சிரைக்க வந்த இன்ஸ்பெக்டர், தரையில் கிடந்த அம்மாளைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். "அம்மா... பெரியவர் எங்க?"

அவள் கை அந்த அறையைக் காட்டியது. விரல் தரையைக் காட்டியது.

* * *

நாலு கற்களையும் பெயர்த்தபோது உள்ளே எலும்பாய் இருந்தார் பெரியவர். பதினைந்து வருஷமாய்!

அந்த அம்மாள் எதையும் மறைக்கவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடியே நான் வரைவேன். இவரு விடலை. ஒளிச்சு வச்சு வரைஞ்சேன். ஒரு நாள் கண்டுபிடிச்சு, எல்லாத்தையும் அள்ளி அடுப்புல போட்டாரு. ஒரு வீட்டுக்கு ஒரு ஓவியர் போதும்னாரு. யோசிச்சுப் பாத்தேன். சரின்னுதான் பட்டுது... ஒருத்தர் போதும். அன்னைக்குப் பால்ல மாத்திரை கொஞ்சம் அதிகமாக் கலந்தேன். அந்த நாற்காலியிலயே தலை சாஞ்சிட்டாரு. புதைக்கறதுக்குத் தரையைப் பேத்தப்ப பழைய கல்லு உடைஞ்சு போச்சு. அதே பச்சையில புதுசு எங்கயும் கிடைக்கலை. யாரு பாக்கப்போறான்னு இருந்துட்டேன். அடுத்த வாரம் அந்த ரூமை வரைஞ்சேன். கையெழுத்து மட்டும் அவர் பேர்ல போட்டேன்."

பெண் போலீஸ் கையைப் பிடித்தபோது, சிட்டுவின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள்.

"என் படத்தைப் பாத்து வரைஞ்சியே... நல்லா வந்திருக்கு. ஜன்னல் வெளிச்சம் மட்டும் தப்பு. சாயங்காலம் அந்தப் பக்கத்துலேருந்துதான் விழும்."

சிட்டு தன் படத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். திருத்தம் சரியாகத்தான் இருந்தது. 

வாசலில் ஜீப் கிளம்பிப் போனது. திண்டாட்டத்தில் இருந்தவர் இன்ஸ்பெக்டர்தான். படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தலை சுத்துதும்மா. இதுக்கு முன்னாடி பெரியவர் வரைஞ்சதை ஒருத்தரும் சீந்தலைன்னு சொல்றாங்க. புகழெல்லாம் இந்த நாற்காலிக்கு அப்புறம்தானாம். இதை நான் ரிப்போர்ட்ல எப்படி எழுதறது?"

படியில் உட்கார்ந்து, கயிறு அறுத்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்தான்.

"உள்ளதை எழுதுங்க சார்," என்றான் கரகரத்த குரலில். "மனுஷன் செத்த பிறகுதான் நல்லா வரைய ஆரம்பிச்சாருன்னு!"