மான் மோதிய பள்ளம்

நெப்ராஸ்காவில் பழைய வண்டியை யாரும் காயலான் கடைக்குப் போடுவதில்லை. வயலோரத்து மரவரிசைக்குள் நிறுத்திவிட்டு மறந்துவிடுவார்கள். வெர்னன் ஹாஸ்கெட்டும் தன் பிக்கப் வண்டியை அப்படித்தான் விட்டிருந்தார். ஆனால் மனிதர் முன்பக்கத்தை ஒரு மரத்தோடு முட்டவைத்து, சங்கிலியும் போட்டிருந்தார்.

ஐம்பத்திரண்டு வருடம் கழித்து மகன் ராய்ஸ் அந்த மரத்தை வெட்டினான். பம்பரையே விழுங்கி வளர்ந்திருந்தது மரம். அறுத்துச் சாய்த்ததும், டயர் மக்கி வெறும் ரிம்மில் நின்ற வண்டி ஒரு முழம் முன்னே நகர்ந்தது. தரை சரிவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"உங்கப்பாவுக்கும் சேத்து பெயிண்ட் அடிச்சுடு. ரெண்டும் ஒரே துரு" என்று சிரித்தாள் அவன் மனைவி கானி.

அப்பா இந்த வருடத்தைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் அவரை இந்த வண்டியில் உட்காரவைத்து ஓட்ட வேண்டும். வாழ்நாளில் ஒருதரம்கூட 'நல்லா செஞ்சிருக்கேடா' என்று சொல்லாத மனிதர். அதை அவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று ராய்ஸுக்கு வெறியே இருந்தது.

இடது ஹெட்லைட்டுக்கு மேல் ஒரு பள்ளம். ராய்ஸுக்கு ஆறு வயதில், அப்பா ஓட்ட, அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனபோது மான் மோதியது. அந்த ஊரில் மானில் மோதாத வண்டி ஏது? பள்ளத்தைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசித் தேய்த்தான். மறுநாள் காலையில் பட்டி தரையில் உதிர்ந்து கிடந்தது. பள்ளம் பழையபடி இருந்தது.

மூன்று தடவை பூசினான். மூன்று தடவையும் உதிர்ந்தது.

வண்டியை இழுத்து வந்து வைத்திருந்த கொட்டகைக்குள் பெயிண்ட் வாசனையே இல்லை. நனைந்த சோளக்கதிரின் வாசனைதான் வந்தது.

கடைசியில் ஹெட்லைட்டைக் கழற்றிப் பார்த்தான். பின்னால் துருவோடு ஒட்டிக் கிடந்தது ஒரு கிளிப். வெள்ளைப்பூ போட்ட, சின்னப் பெண்கள் வைக்கிற தலைக்கிளிப். அதில் நாலு முடி.

மான் கிளிப் வைக்குமா?

ராய்ஸ் கிளிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பக்கத்துப் பண்ணை நாடீனை ஊரில் யாருக்குத்தான் தெரியாது! பதினோரு வயது. அப்பா வண்டியை ஓரங்கட்டிய அதே எழுபத்தொன்றில், சோளக்காட்டுப் பாதையில் யாரோ வண்டியால் அடித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். விடியும்வரை உயிர் இருந்ததாம்.

சக்கர நாற்காலியில் வெயில் காய்ந்துகொண்டிருந்த அப்பாவிடம் கிளிப்பை நீட்டினான்.

"அப்பா, அது மானா?"

கிழவர் அதைப் பார்க்கவே இல்லை.

"மான்தான்டா" என்று கிசுகிசுத்தார். "நீயும்தானே பக்கத்துல இருந்த? மான் அழுமா? அழுததுன்னு சொன்னியே, நான் உன்னை அறைஞ்சேனே... மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தான். இப்போது அந்த அழுகை காதுக்குள் கேட்டது.

நாடீனின் தங்கை இன்னும் அதே பண்ணையில்தான் இருக்கிறாள். கிளிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ராய்ஸ் அதை அடுப்பில் போட்டான். சாகப்போகிற மனுஷனை இனிமேல் அசிங்கப்படுத்தி என்ன ஆகப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு போய் நாலாம் முறை பட்டி பூசினான்.

இந்தத் தடவை அது உதிரவில்லை.

ஜூலை நாலு, காலை பத்து மணி. செக்கச்செவேலென்று மின்னிக்கொண்டு கொட்டகைச் சுவரைப் பார்த்து நின்றது வண்டி. சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் அப்பாவின் நாற்காலியைத் தள்ளி நிறுத்தினான், போட்டோ எடுக்க.

"இங்க வேணாம்டா... என்னை நகத்திடு" என்றார் அப்பா.

"ஒரே நிமிஷம்ப்பா. சிரி."

கானி கேமராவைத் தூக்கினாள்.

சோள வாசனை குப்பென்று வந்தது.

வண்டி பாய்ந்தது.

"ராய்ஸ், நிறுத்து!" என்று கானி அலறினாள். வண்டிக்குள் யாருமில்லை. சாவி ராய்ஸின் கையில் இருந்தது.

பிரேக் கோளாறு என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அப்பாவின் அடக்கம் முடிந்த அன்றே ராய்ஸ் பேட்டரியைக் கழற்றி, டிராக்டரில் கட்டி இழுத்துப்போய் வண்டியை மரவரிசைக்குள் தள்ளினான். இரண்டு சங்கிலி போட்டான்.

மறுநாள் காலை காப்பிக் கோப்பையோடு வாசலுக்கு வந்தான். முற்றத்தில் நின்றது வண்டி. பம்பரில் அறுந்த சங்கிலி தொங்கியது.

இடது பக்கத்துப் பட்டி முழுக்க உதிர்ந்திருந்தது. அடியில் பள்ளமே இல்லை. தகடு புதுசு மாதிரி வழவழவென்று இருந்தது.

வலது ஹெட்லைட்டுக்கு மேல், நேற்றுவரை இல்லாத ஒரு புதுப் பள்ளம் இருந்தது. பழையதைவிட உயரத்தில், பழையதைவிட அகலமாக. கால் தானாக நடந்தது. ராய்ஸ் கிட்டே போய் நின்றான்.

அவன் இடுப்பு அதற்குள் கச்சிதமாகப் பொருந்தியது.

பேட்டரி இல்லாத வண்டி உறுமத் தொடங்கியது.