ஆறு பெட்டிக்கும் ஒரே பொத்தான்

ஆறாவது பெட்டியில் மாயக்காளின் போன் சேர்ந்திருப்பதாகத் திரை காட்டியது. மாயக்காளைப் புதைத்துப் பத்தொன்பது நாளாகிறது. போனையும் அவள் கையிலேயே வைத்துத்தான் புதைத்தார்கள்.

முத்துக்கண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். பிற்பகல் மணி மூன்றுதான், ஆனாலும் எஸ்டேட் ஆபீசின் சன்னல் வரைக்கும் மூடுபனி இறங்கி, பக்கத்துக் கொட்டகையில் காயும் ஏலக்காயின் வாசத்தோடு சேர்ந்து மூச்சில் ஈரமாக ஒட்டியது. டவர் எடுக்காத அந்த மலையில் சரிவுக்கு ஒன்றாக ஆறு வைஃபை பெட்டிகளை மாட்டி, ஆறையும் ஒரே குரூப்பாகக் கட்டி மேய்ப்பதுதான் அவன் வேலை. ஆட்கள் எந்தச் சரிவுக்கு நடந்தாலும் ஒரு பெட்டி அடுத்த பெட்டியிடம் போனைக் கைமாற்றிவிடும், பேச்சு அறாது.

அவள் செத்த அன்றைக்கு ஒவ்வொரு பெட்டியாக நிறுத்தி அப்டேட் போட்டிருக்க வேண்டும். போடிக்கு இறங்கும் ஜீப்பை விட்டுவிடக் கூடாதென்று, குரூப் முழுவதற்கும் ஒரே அழுத்தில் போட்டுவிட்டான். பத்து நிமிடம் மலையே ஊமையானது. அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஆறாம் சரிவில் தனியாகக் காய் எடுத்துக்கொண்டிருந்த மாயக்காளைப் பாம்பு தீண்டியது. கணவன் காசிமாயனுக்குப் பதினோரு தடவை போன் போட்டிருக்கிறாள். ஒன்றும் போகவில்லை. இடி விழுந்து லைன் போய்விட்டது என்று முத்துக்கண்ணன் வாய் கூசாமல் சொன்னான்.

காசிமாயன் அதை நம்பினான். இன்று காலை ஜீப்பில்கூட, "போனு இப்ப நல்லா எடுக்குதுல்ல மாப்ளே? இனி ஆறாஞ் சரிவுக்கு நான்தான் போறேன். அவ நின்ன எடம்," என்றான். உண்மை முத்துக்கண்ணனின் தொண்டை வரை வந்தது. வேலை போய்விடுமே என்று விழுங்கிக்கொண்டான். தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

திரை மாறியது. ஐந்தாம் பெட்டி. மாயக்காள்.

நான்காம் பெட்டி. ஆள் நடந்து வரும் வேகம்தான். வெளியே ஏலச்செடிகள் உரசிக்கொண்டன. காற்றே இல்லை. ஏலக்காய் வாசம் போய், தோண்டிய மண்ணின் வாடை வந்தது.

மூன்று.

இரண்டு.

ஆபீசில் இருப்பது ஒன்றாம் பெட்டி. அவன் கை பொத்தானுக்கு ஓடியது. குரூப் முழுவதும். அணை.

அதே நொடியில் மேசையில் அவன் போன் அடித்தது. ஒரே மணி. காசிமாயன் பெயர். அறுந்துவிட்டது.

மறுபடி பொத்தானை அழுத்தினான். பெட்டிகள் எழப் பத்து நிமிடம் ஆகும். ஆறாம் சரிவுக்கு ஓட வேண்டும். கதவைத் திறக்க வேண்டும். வெளியே அவள் இருப்பாள். அவன் எழவில்லை.

பத்து நிமிடம்.

ஆறாம் பெட்டியில் யாரும் இல்லை. ஒன்றாம் பெட்டியில் அவன் பெயரோடு இன்னும் இரண்டு பெயர்கள். மாயக்காள். காசிமாயன்.

சன்னலுக்கு வெளியே, பனிக்குள், காதோடு ஒட்டிப் பிடித்த இரண்டு போன்களின் வெளிச்சம். அவன் போன் அடிக்கத் தொடங்கியது.