சிவப்புப் பூட்டு

எப்போதும் கடல் நாற்றம் அடிக்கும் விமானத்திலிருந்து அன்று மதியம் கட்டிங் ஆயில் வாசனை வந்தது.

யுத்த காலத்தில் கடலில் விழுந்து, வெகுகாலம் கழித்து மீனவர் வலையில் சிக்கிய அந்தச் சின்ன விமானத்துக்காக, ஒரகடத்துக் கம்பெனி தன் வளாகத்திலேயே ஒரு அருங்காட்சியகம் கட்டியிருந்தது. எவ்வளவு துடைத்தாலும் அதன் தகட்டு மடிப்புகளில் உப்பு கசிந்துகொண்டே இருக்கும். துடைப்பது சசிகலாவின் வேலை. பிரஸ் மெஷினுக்குள் புருஷன் மோகனைப் பறிகொடுத்தவளுக்குக் கம்பெனி காட்டிய பெருந்தன்மை அது.

மெஷினுக்கு ஊற்றும் அந்த ஆயிலின் வாசனை அவளுக்குத் தெரியும். எத்தனை முறை துவைத்தாலும் மோகன் சட்டையை விட்டுப் போகாதது. துணியைக் கீழே வைத்துவிட்டு, மழை இரைச்சலுக்கும் ஏசியின் முனகலுக்கும் நடுவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். விமானத்தின் வயிற்றுக்குள் யாரோ ஸ்பானரால் தகட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், நிதானமாக, வேலை தெரிந்த கையால்.

வருகிறவர்களுக்குக் காட்ட, விமானத்தின் மூக்கிலிருந்த விசிறியைச் சுற்றவைக்கும் சுவிட்சில் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கியது. மெஷினுக்குள் இறங்குகிறவன் கரண்டை நிறுத்தித் தன் பூட்டை மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். வெளியே வந்து அவனேதான் அதைத் திறக்கவேண்டும். பூட்டோடு ஒரு அட்டை. ‘உள்ளே ஆள்.’ மோகனின் போட்டோ.

மோகன் செத்த அன்றைக்கு, ஷிஃப்ட் அவசரத்தில் பிரஸ் மெஷினில் இதே மாதிரிப் பூட்டை வெட்டியவர் சூப்பர்வைசர் வெங்கடேசன். இப்போது மேனேஜர். விருந்தினர் கூட்டத்தோடு உள்ளே வந்தார்.

“இன்னாம்மா இது? கெஸ்டுங்க வந்துகினு கீறாங்க, பூட்டு மாட்டி வெச்சிகினு கீற?”

“வெட்டாதீங்க சார். உள்ள அவரு கீறாரு.”

“செத்துப்போனவன் எப்டிம்மா உள்ள இருப்பான்? நவுரு.”

கட்டரை வரவழைத்தார். அட்டையை அவர் பார்க்கவில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை. அன்றைக்கு அவள் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். இன்று பக்கத்தில் இருக்கிறாள். இந்தத் தடவை விடக்கூடாது. சுவிட்சை மறித்து நின்றாள். செக்யூரிட்டிகள் இழுத்தார்கள்.

பூட்டு அறுந்தது.

“வெளிய வந்துருங்க!”

தட்டல் நின்றது. கேட்டுவிட்டது அவருக்கு.

சுவிட்ச். விசிறி. உள்ளே ஏதோ நொறுங்கியது. கைதட்டல்.

விசிறி ஓய்ந்தது. விமானி அமரும் இடத்துக் கண்ணாடியில், உள்பக்கமிருந்து, ஒரு கை பதிந்தது. கட்டைவிரல் மட்டும் மிச்சம். வேறு யாருக்கும் தெரியவில்லை.

“ஒன்ஸ் மோர் சார்!” என்றது ஒரு குரல்.

வெங்கடேசன் சிரித்தபடி சுவிட்சில் விரலை வைத்தார்.

கண்ணாடியில், அந்தக் கைக்குப் பக்கத்தில், இன்னும் ஐந்து விரலும் முழுசாக, மற்றொரு கை பதிந்தது.