எதற்குச் சம்மதம்?

"மேடம்... அந்தக் கேமராவுக்குக் கண்ணே தெரியாது."

அரங்கம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மூன்றாவது வரிசை ஓரத்தில் ஒருவன் எழுந்து நின்றிருந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சட்டம் கேட்க வந்தவன் இல்லை, மழைக்கு ஒதுங்க வந்தவன் என்பது பார்த்தாலே தெரிந்தது. பல்கலைக்கழகத்தின் புதன்கிழமைச் சொற்பொழிவுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம்தான். இன்றைய சட்டச் சிக்கல்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம்தான். ஆனால் சட்டத் துறையிலேயே இளைய விரிவுரையாளரான அவள் முதன்முதலாக மேடையேறிய நாளில்தானா இப்படி ஒருவன் வந்து முளைக்க வேண்டும்?

திரையில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாடிச் சுவரில் இருந்த கேமரா, எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னலை வெறித்துப் பார்க்கிறது. அடுத்தவரின் அந்தரங்கத்தை இப்படி எட்டிப் பார்ப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று அவள் கால்மணி நேரமாக விளாசியிருந்தாள். அந்தச் சமையலறை தன் வீட்டுச் சமையலறைதான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"எப்படிச் சொல்றீங்க?" என்றாள், குரலை இறுக்கிக்கொண்டு.

"நான் கேமரா மாட்டுற வேலைதான் பாக்குறேன் மேடம். இதே மாதிரி நாலு வீட்டுக்கு மாட்டிக் குடுத்திருக்கேன். உள்ள ஒண்ணும் கிடையாது. பொம்மை."

கொல்லென்று சிரிப்பு எழுந்தது. அவளுக்குக் காது மடல் சுட்டது.

"இது சட்டச் சொற்பொழிவு. கேமரா கடை இல்ல."

அவன் எதிர்த்துப் பேசவில்லை. ஒரே ஒரு கணம் அவளைப் பார்த்தான்... நனைந்த இமைகளுக்குள் கோபமே இல்லாத கண்கள். பிறகு மெல்லக் கதவைத் திறந்து, கொட்டுகிற மழைக்குள் போய்விட்டான். அவள் பேச்சைத் தொடர்ந்தாள். என்ன பேசினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மனம் அந்த மழையோடு போயிருந்தது.

கேமரா பொம்மையாம் என்று வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பாமல் பொரிந்து தள்ளினார். அந்தக் கேமராவால்தான் எதிர்வீட்டு மாமாவோடு இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வழக்குப் போடுவதற்கு மகளையே மனு எழுதச் சொல்லியிருந்தார். அவளுக்கோ இரவெல்லாம் அந்தக் கண்கள்தான். விடிந்ததும் விறுவிறுவென்று போய் எதிர்வீட்டு மணியை அடித்தாள். மாமா அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"பொம்மைதாம்மா. சத்தமா சொல்லிடாத. திருடனுக்குத் தெரிஞ்சா என் பொழப்பு அவ்வளவுதான்."

அவள் வந்து சொன்னதும் அப்பா எழுந்து ஜன்னல் வழியே அந்தக் கேமராவைப் பார்த்தார். பிறகு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடயா இத்தனை நாள் முறைச்சுக்கிட்டு இருந்தேன் என்று முனகிக்கொண்டே செருப்பை மாட்டினார். எதிர்வீட்டுக்குத்தான் போனார்.

அப்பாவின் சண்டை தீர்ந்தது. அவளுடைய பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது. எத்தனை பேர் முன்னால் அவனை மட்டம் தட்டினாள்... அவனிடம் மன்னிப்புக் கேட்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. மன்னிப்பு மட்டும்தானா என்று மனசு கேட்டதை அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

சொற்பொழிவுக்கு வருகிறவர்கள் வாசலில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அவனுடையது ஈரத்தில் சுருங்கிக் கிடந்தது. பெயர், தொழில், தொலைபேசி எண் எல்லாம் இருந்தன. கடைசிக் கட்டத்தில், 'இந்த எண்ணை எதற்குப் பயன்படுத்தலாம்?' என்ற கேள்விக்கு அவன் எழுதியிருந்தான்: சொற்பொழிவு அறிவிப்புக்கு மட்டும்.

அந்தக் கட்டத்தைப் படிவத்தில் சேர்த்தவளே அவள்தான். ஒரு காரியத்துக்காகக் கொடுத்த எண்ணை இன்னொரு காரியத்துக்குத் தொடக்கூடாது என்று அன்றைக்கு மேடையில் முழங்கியவளும் அவள்தான். எட்டு முறை அந்த எண்ணை அழுத்தினாள். எட்டு முறையும் கடைசி இரண்டு இலக்கங்களில் விரல் நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமைதான் வழி தோன்றியது. அறிவிப்பு அனுப்பலாமே... அதற்குத்தானே சம்மதம் கொடுத்திருக்கிறான்! அடுத்த புதனுக்கான தலைப்பை மாற்றினாள்: 'போன வாரம் நான் செய்த தவறு.' படிவம் நிரப்பியிருந்த நூற்றுப் பதினெட்டுப் பேருக்கும் அறிவிப்பு போனது. துறைத் தலைவர் கூப்பிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். ரெண்டாவது பேச்சிலேயே தப்பை ஒத்துக்கிட்டா அடுத்த வருஷம் மேடை கிடைக்காது என்றார். பரவாயில்லை சார் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

புதன்கிழமை. ஜன்னல்களில் மறுபடி மழை. மூன்றாவது வரிசை ஓர நாற்காலி காலி. ஆனாலும், அது யார் வீட்டுக் கேமரா என்பதை மட்டும் மறைத்து, அவள் பேசத் தொடங்கினாள்.

"நான் காட்டின கேமரா பொம்மை. சொன்னவர் சொன்னது சரி. விசாரிக்காம தீர்ப்பு சொன்னது நான். அவரை எல்லார் முன்னாலயும் அவமானப்படுத்தினதுக்கு, எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்குறேன்."

யாரோ கைதட்டினார்கள். கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரமாக... கையில் மடக்கிய குடையோடு, ஒரு சொட்டுக்கூட நனையாமல், கேமராக்காரன் நின்றிருந்தான். அவளுக்கு அதற்குப் பிறகு அரங்கத்தில் வேறு முகமே தெரியவில்லை.

கூட்டம் கலைந்ததும் வாசல் மேசைக்கு ஓடினாள். அவன் குனிந்து படிவம் நிரப்பிக்கொண்டிருந்தான். கடைசிக் கட்டத்தில், 'எதற்கு வேண்டுமானாலும்.'

"இது செல்லாது," என்றாள்.

"ஏன் மேடம்?"

"இப்படிப் பொதுவா எழுதினா சம்மதம் ஆகாது. எதுக்குன்னு தெளிவா சொல்லணும்."

அவன் பேனாவை மூடினான். திறந்தான். மறுபடி மூடினான்.

"தெளிவாவே சொல்றேன்... அன்னைக்கு மழைக்குத்தான் ஒதுங்கினேன். திட்டு வாங்கிட்டுப் போயும் உங்க நினைப்பாவே இருந்துச்சு. ஒரு வாரமா போன் அடிக்கிறப்பல்லாம் நீங்களா இருக்குமோன்னு ஏணியிலேருந்து இறங்கி ஓடினேன். உங்களைப் பிடிச்சிருக்கு. நீங்க கூப்பிடணும். அதுக்குத்தான் இந்த நம்பர்."

அவள் அந்தப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எட்டு தடவ கூப்பிடப் பாத்தேன்," என்றாள் அவள், மேசையைப் பார்த்தபடி.

"அப்புறம் ஏன் கூப்பிடல?"

"நீங்க சம்மதம் குடுக்கலையே..."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. புதுப் படிவம் ஒன்றை எடுத்துத் தன் பெயரை எழுதினாள், தொழிலை எழுதினாள், எண்ணை எழுதினாள். கடைசிக் கட்டத்துக்கு வந்தாள். இந்த முறை விரல் நிற்கவில்லை. சட்டம் படித்தவள் அல்லவா, சந்தேகத்துக்கே இடமில்லாமல் தெளிவாக எழுதி அவன் பக்கம் நகர்த்தினாள்:

'தினமும் கூப்பிடுவதற்கு. எனக்கும் உங்களைப் பிடித்திருக்கிறது.'