டாலா படகில் சிரித்தவன்

சிரிக்கிறான்... அதுவும் அவளைப் பார்த்து!

யாங்கோன் ஆற்றின் அக்கரையான டாலாவுக்குப் போகும் படகின் மேல்தளத்தில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, டைமரைத் தட்டிவிட்டு, கம்பியோரம் ஓடிப்போய் நின்றாள் புஷ்பலதா. கன்னத்தில் தனகா மரப்பட்டைப் பூச்சு, இடுப்பில் பூப்போட்ட பர்மியக் கைலியான லோஞ்சி. தூத்துக்குடியிலிருந்து யாங்கோன் வந்த இந்த எட்டு மாதமாகத் தன்னையே படமெடுக்கிறாள். இந்த ஊர்க்காரி ஆகிவிட்டேனா என்று ஒவ்வொரு படத்திலும் தேடுகிறாள். ஒன்பது படங்கள் தயார். அடுத்த மாதம் நகரின் கியாக்டடா பகுதியில் கண்காட்சி.

"என்ன இளிப்பு?" என்றாள், எதிரில் நின்று சிரித்தவனிடம். தமிழ் புரியாது என்ற தைரியம்தான்!

"கோவிச்சுக்காதீங்க மா..." தமிழிலேயே பதில் வந்தது. "முன்னாடி முடிச்சுப் போட்டிருக்கீங்களே, அது ஆம்பளைங்க கட்டுறது. பொம்பளைங்க ஓரமா மடிச்சுச் சொருகுவாங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. தெருவில் பார்த்துப் படித்த கட்டு... ஒன்பது படங்களிலும் அதே முடிச்சு!

"உங்களை யாரு கேட்டா?" என்று வெடித்துவிட்டுக் கேமராவை மூட்டை கட்டினாள். அன்றே கண்காட்சி வேண்டாமென்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமைக்கு ஊருக்கு டிக்கெட் போட்டாள்.

ஆனால் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. இமையில் மழைத்துளி தங்கிய அந்தக் கண்கள்... சே, அவனை ஏன் நினைக்கணும்? திட்டிக்கொண்டே மறுநாளும் படகேறினாள். அவனும் இருந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கடுத்த நாளும் அப்படியே.

நான்காம் நாள் அவனே வந்தான். "நான் ஆல்பின், இங்க தின்கன்ஜூன் ஸ்கூல்ல வாத்தியார். அன்னிக்கு சிரிச்சது தப்புதான்."

"தப்பு என்னோடது. இந்த ஊரு எனக்கு ஒட்டாது. ஞாயித்துக்கிழமை போறேன்."

அவன் முகம் விழுந்துவிட்டது. "நாலு தலைமுறையா இங்க இருக்கோம். லோஞ்சி சரியாத்தான் கட்டுறேன். இன்னும் என்னைப் பார்த்து எந்த ஊருன்னுதான் கேக்குறாங்க..."

"அப்புறம் எதை வச்சு இது என் ஊருன்னு சொல்றது?"

"போனா தேடுறதுக்கு ஒரு ஆளு இருந்தா போதாதா?"

"என்னை யாரு தேடுவா?"

ஆல்பின் ஆற்றைப் பார்த்தான். காது சிவந்திருந்தது.

"மூணு நாளா ஸ்கூல் விட்டதும் இந்தப் படகுக்கு ஓடி வர்றேன்... டாலாவுல எனக்கு ஒரு வேலையும் இல்ல."

அவள் அவனருகே வந்து நின்றாள். மூன்று நாள் வீம்பும் எங்கே போனதோ!

"எனக்கும்தான்..." என்றாள் மெல்ல. "உங்களை விட்டுட்டுப் போக எனக்குப் பிடிக்கல ஆல்பின்."

படகு டாலாவில் நின்றது. எல்லோரும் முண்டியடித்து இறங்கினார்கள். அவர்கள் இருவரும் இறங்கவில்லை.